பொன்னுக்குள் அரக்கு: தெற்கே ஐந்து நாள்

முதல் நாள், திருநெல்வேலி

காலையில் நெல்லை எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கியபோது கையில் ஒரு தோள்பை, ஒரு குடை, ஒரு மூன்றடுக்கு டிபன் கேரியர். மேல் இரண்டு அடுக்கிலும் எலுமிச்சைச் சோறு. அடித்தட்டில், மஞ்சள் துணியில் முடிந்த ஆச்சியின் பாம்படம். இது அத்தை போனில் சொல்லிக்கொடுத்த உபாயம். நகைப்பெட்டியைத் திருடுவான், கைப்பையைத் திருடுவான், எலுமிச்சைச் சோற்றை எவன் திருடுவான் என்பது அவளுடைய வாதம்.

ஆச்சி போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. அத்தையின் பேத்திக்குத் தை மாதம் கல்யாணம். பாம்படத்தை அழித்து அவளுக்கு ஒரு சங்கிலி செய்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு. எனக்கும் ஒரு வாரம் விடுப்பு கிடைத்தது. நெல்லையில் விலை விசாரித்துவிட்டு, தெற்கே பார்க்க நினைத்த இடங்களையும் பார்த்துவிட்டு, கோவில்பட்டிக்குப் போய் அத்தையிடம் ஒப்படைப்பதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

பாம்படத்தைப் பார்த்திராதவர்களுக்காக: தென் மாவட்டத்துக் கிழவிகளின் காதில் தோள்வரை தொங்கிய நகை அது. பூவும் கிடையாது, மயிலும் கிடையாது. ஒரு சதுரக் கட்டை, அதன்மேல் ஓர் உருண்டை, பக்கத்தில் கூம்பு, நடுவில் தட்டு. வடிவியல் பெட்டியைக் கவிழ்த்துப் பொன்னால் ஒட்டியதுபோல இருக்கும். படமெடுத்த பாம்பின் சாயல் என்பதால் இந்தப் பெயர் என்பார்கள். நான் எத்தனை நேரம் உற்றுப் பார்த்தும் பாம்பு பாதிதான் தெரிகிறது.

முதலில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். குளிர்சாதனம், கையில் ஜூஸ் டம்ளர், எதிரே டை கட்டிய இளைஞர். தராசில் வைத்தார்: 58 கிராம், ஏழு பவுனுக்கும் மேல். எனக்குள் ஒரு குதி. அடுத்த நிமிடமே அவர், "உள்ளே முழுக்க அரக்கு மேடம். தட்டி எடுத்தால் மூன்றரைப் பவுன் தேறலாம். மீதி கழிவு" என்றார். அரக்கு என்றால் சூட்டில் இளகி, ஆறினால் இறுகும் பிசின். சின்னச் சுத்தியல் ஒன்றையும் எடுத்து மேசைமேல் வைத்தார். ஜூஸைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு ரத வீதியை ஒட்டிய சந்து ஒன்றில், மாடிப்படிக்கு அடியில் பட்டறை வைத்திருக்கும் வயதான பத்தர் ஒருவரைப் பிடித்தேன். உமித்தணல் போடும் ஓடு, ஊதுகுழல், குறடு, சாமணம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். பாம்படத்தின் ஓரத்தை உரைகல்லில் ஒரு மயிரிழை தேய்த்தார். கோட்டைப் பார்த்தார். கல்லில் ஒட்டிய அந்தத் துளிப் பொன்னையும் கறுப்பு மெழுகு உருண்டையில் ஒற்றியெடுத்துக்கொண்டார். நான் அதைக் கவனிப்பதைப் பார்த்துவிட்டு, "தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான் என்று பழமொழியே இருக்கிறதே அம்மா, அதைக் காப்பாற்ற வேண்டாமா?" என்று சிரித்தார்.

பொன் நல்ல மாற்று, அதாவது சுத்தமான பொன் என்றார். ஒரு பாம்படத்தின் கூம்பில் கடுகளவு ஓட்டை விழுந்திருந்தது. அதன் வழியே உள்ளிருந்த அரக்கு தூள்தூளாக உதிர்ந்துகொண்டிருந்தது. அடைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். பொடி வைத்து ஊதினால் உள்ளே இருக்கும் அரக்கு கொதித்துப் பொங்கிவிடும் என்றார். பொடி என்றால் பற்றவைக்கிற உலோகத்தூள். மனத்தில் ஒன்றை வைத்து வேறொன்றைப் பேசுகிறவனை ஊரில் "பொடி வைத்துப் பேசுகிறான்" என்பார்களே, அது இந்தப் பட்டறையிலிருந்து கிளம்பிய பேச்சு. அரக்கு வேலைக்கு வடசேரிக்குப் போகச் சொன்னார்.

அவருடைய அப்பாவும் பத்தர்தான். 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்து, 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்று ஆனபோது, அப்பா அந்தத் தணல் ஓட்டை எடுத்துப் பரணில் வைத்துவிட்டு மூன்று வருடம் பஸ் நிலையத்தில் சுக்குக்காப்பி விற்றாராம். நாடு முழுக்கப் பொற்கொல்லர்கள் பிழைப்பிழந்த காலம் அது. சிலர் உயிரையும் விட்டார்கள். அந்தச் சட்டம் முழுதாக நீங்கியது 1990-ல். "காப்பியில் அப்பா சேதாரம் போட மாட்டார்" என்றார் பத்தர். கூலி எவ்வளவு என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றார். மெழுகு உருண்டையை நான் மறக்கவில்லை.

இரண்டாம் நாள், ஆதிச்சநல்லூர், கொற்கை

திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறி, செய்துங்கநல்லூர் தாண்டி இறங்கினேன். தாமிரபரணியின் தென்கரை. இந்தப் பக்கம் வயலும் வாழையும் பச்சையாகக் கிடக்க, அந்தப் பக்கம் ஒன்றும் விளையாத செம்மண் மேடு. பரம்பு என்கிறார்கள். 114 ஏக்கர், அத்தனையும் இடுகாடு. விளையாத நிலத்தைச் செத்தவர்களுக்கு ஒதுக்கிய புத்தியைப் பாராட்டத்தான் வேண்டும்.

1876-ல் ஜெர்மானியரான யாகோர் வந்து தோண்டினார். பிறகு தொல்லியல் துறையின் அலெக்ஸாண்டர் ரீ. செத்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகளோடு இரும்புக் கருவிகள், வெண்கலப் பாத்திரங்கள், பொன்னாலான நெற்றிப் பட்டங்கள் எல்லாம் கிடைத்தன. 2004-05-ல் சத்தியமூர்த்தி தலைமையில் நடந்த அகழாய்வில் கிடைத்த தாழிகள் மட்டும் நூற்றைம்பதுக்கு மேல். அப்போது எடுத்த மாதிரிகளின் காலம் கிமு 905, கிமு 696 என்று 2019-ல் தெரியவந்தது. இப்போது குழியின்மேலேயே கண்ணாடித்தளம் போட்டிருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்தேன். கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. காலுக்குக் கீழே தாழிகள் வாயைத் திறந்துகொண்டு இருக்கின்றன.

அந்தப் பொன் பட்டங்களைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் முன்பே பார்த்திருக்கிறேன். மாவிலையைக் குறுக்கி வைத்ததுபோல நீள்வட்டம். காகிதம்போல மெல்லிய தகடு. இரு முனையிலும் நூல் கோக்க ஒவ்வொரு துளை. உயிரோடு நடமாடுகிறவர் கட்டிக்கொண்டால் ஒரு நாள் தாங்காது, கசங்கிவிடும். அசையாத நெற்றிக்கு அது போதும்.

ஆச்சியை எடுக்கும் முன் அவள் நெற்றியில் ஒரு ரூபாய்க் காசை ஒட்டி வைத்தார்கள். பாம்படத்தைக் கழற்றியது அத்தை. திருகு இறுகிப்போயிருந்ததால் தேங்காய் எண்ணெய் விட்டுக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றிய பிறகு அந்தக் காது வெறும் வளையமாகத் தொங்கியதைப் பார்க்க முடியாமல் யாரோ ஓலையைச் சுருட்டிச் செருகினார்கள். மூளிக்காதோடு அனுப்பக் கூடாதாம். மூவாயிரம் வருடத்துப் பட்டத்தையும் ஒரு ரூபாய்க் காசையும் முடிச்சுப் போட நான் ஆராய்ச்சிக்காரி இல்லை. ஆனால் கண்ணாடித்தளத்தில் நின்றபோது நினைவுக்கு வந்தது அந்த ஓலைதான்.

யோசித்துப் பார்த்தால் காதில் முதலில் ஏறியது ஓலையாகத்தான் இருக்க வேண்டும். தோடு என்றால் இதழ், ஓலை. குழை என்றால் தளிர். ஓலை என்றால் ஓலையேதான். பொன் வந்தபோது பொருள் மாறியது, பெயர் மாறவில்லை. ஆடிப்பெருக்கில் காவிரிக்கரைப் பெண்கள் ஆற்றில் விடும் காதோலை கருகமணியிலும் பொன் கிடையாது. பனையோலைச் சுருளும் கறுப்பு மணியும்தான். தாலியும் அப்படித்தானே? பொன் வாங்க வழியில்லாத வீட்டில் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கை முடிந்து கட்டினால் அதுவும் தாலிதான். யாரும் அதைப் பாதித் தாலி என்று சொல்வதில்லை.

மதியம் ஏரல் வழியாகக் கொற்கை. கிரேக்கர்கள் கொல்கோய் என்று எழுதிவைத்த முத்துத் துறைமுகம். இன்று கடல் கிழக்கே பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஒரு பழைய வன்னிமரம், ஒரு குளம், ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர். 1968-69-ல் இங்கே தோண்டியபோது கிடைத்த மரத்துண்டு ஒன்றின் காலம் கிமு 785. முத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் சங்கைப் பார்க்க வந்தேன். சென்னை மாகாணத்தில் முத்துக்குளிப்புக்கும் சங்குக்குளிப்புக்கும் மேற்பார்வையாளராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், நூறு வருடத்துக்கு முன் இந்த ஊர் மண்ணில் வாளால் அறுத்த சங்குத் துண்டுகளைக் கண்டு எழுதியிருக்கிறார். வேள்வி செய்யாத பார்ப்பான் வாளரத்தால் சங்கை அறுத்து வளையல் செய்ததை அகநானூற்றின் 24ஆம் பாட்டு சொல்கிறது. வளையல் போக மிஞ்சிய சங்கின் முனையை அந்தப் பாட்டுக்காரர் பூ மொட்டுக்கு உவமையாக்கிவிட்டார்.

நாம் சங்கு வளையலை எப்போதோ கழற்றிவிட்டோம். மன்னார் வளைகுடாவில் குளித்தெடுத்த சங்கு வங்காளத்துக்குக் கப்பலேறியது. அங்கே அறுத்து, இழைத்து, கல்யாணப் பெண்ணின் கையில் ஏற்றினார்கள். இன்றும் வங்காளத்துச் சுமங்கலியின் கையில் வெள்ளையாக இருப்பது சங்கு. நமக்குச் சங்கு என்றால் கோவிலில் ஊதுவது, சாவுக்கு ஊதுவது, குழந்தைக்குப் பால் புகட்டுவது. ஒரே கடல், ஒரே ஓடு.

கொற்கையிலிருந்து திரும்ப பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். எலுமிச்சைச் சோறு நேற்றே தீர்ந்துவிட்டது. அடித்தட்டில் மட்டும் பாரம்.

மூன்றாம் நாள், வடசேரி

நாகர்கோவிலின் வடசேரியை பஸ் நிலையத்துக்காகத்தான் பலருக்கும் தெரியும். அதே வடசேரியில்தான் கோவில் நகை செய்கிறார்கள். பரதநாட்டிய மேடையில் சிவப்பாக மின்னுவதெல்லாம் இந்த ஊர் மரபு. நாகர்கோவில் கோவில் நகை என்ற பெயரில் புவிசார் குறியீடும் இருக்கிறது.

நான் போன வீட்டின் முன்னறையே பட்டறை. ஆசாரிக்கு ஐம்பது வயது இருக்கும். மூக்கின் நுனியில் கண்ணாடி. தரையில் பலகை, பலகைமேல் ஒரு சூரியன் பாதி முடிந்து கிடந்தது. ஆடுகிறவள் வகிட்டுக்கு வலப்பக்கம் வைப்பது சூரியன், இடப்பக்கம் பிறை. பின்னால் கொண்டையில் ராக்கொடி. அதற்குக் கீழே ஜடைநாகம், முடிவில் குஞ்சலம். ஒரு பெண்ணின் தலைக்குள் வானத்தையே அடக்கிவிட்டு, முதுகில் பாம்பையும் இறக்கிவிடுகிறார்கள்.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். அடித்தகடு வெள்ளி. அதன்மேல் வெள்ளிப் பட்டைகளை நிறுத்திப் பற்றவைத்துச் சின்னச் சின்ன அறைகளாகக் கட்டுகிறார். தேன்கூட்டின் அறைகள் போல. ஒவ்வோர் அறையிலும் அரக்கைச் சூடாக்கி நிரப்புகிறார். அது ஆறி இறுகும் முன், சாமணத்தால் ஒரு சிவப்புக் கல்லை எடுத்து, நாக்கு நுனியில் லேசாக ஈரம் தொட்டு, அறைக்குள் அமுக்குகிறார். பிறகு ஊதினால் பறந்துவிடும் மெல்லிய பொன் தகட்டைக் கல்லின் ஓரமாகச் செருகி, எஃகுக் குச்சியால் அழுத்தி அழுத்தித் தேய்க்கிறார். வெள்ளி மறைகிறது, அரக்கு மறைகிறது. கல்லும் பொன்னும் மட்டும் நிற்கின்றன. ஒரு கல்லுக்கு ஐந்து நிமிடமாவது ஆகும். அந்தச் சூரியனில் எத்தனை கல் என்று எண்ணத் தொடங்கி, நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

கல்லுக்குக் கெம்பு என்று பெயர். கெம்பு என்றால் கன்னடத்தில் சிவப்பு. அந்தக் காலத்தில் சாமிக்குச் செய்தபோது மாணிக்கம், இப்போது பெரும்பாலும் செயற்கைக் கல். இதைச் சொல்லும்போது ஆசாரியின் குரலில் கூச்சம் எதுவும் இல்லை. "சாமிக்குக் கல், ஆடுகிறவளுக்குச் சிவப்பு" என்றார். முழுப் பொன்னில் செய்து தலையில் ஏற்றினால் எந்தப் பெண்ணால் கழுத்தை அசைத்து ஆட முடியும் என்றும் கேட்டார். எனக்குச் சுரீர் என்றது. வெள்ளியும் அரக்கும் சிக்கனத்துக்காக மட்டும் வந்தவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த நகையைப் போட்டுக் கோவிலில் ஆடியவர்கள் தேவதாசிகள். பெண்களைக் கோவிலுக்கு நேர்ந்துவிடும் அந்தப் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு 1947-ல் சென்னை மாகாணச் சட்டம் முடிவு கட்டியது. அதற்கு முன்பே ஆட்டம் சபா மேடைக்கு ஏறத் தொடங்கிவிட்டது, நகையும் கூடவே ஏறிவிட்டது. ஆடியவர்களின் பேரை விட்டுவிட்டு அவர்கள் போட்டதை மட்டும் எடுத்துக்கொண்டோம் என்று எனக்குள் ஒரு முணுமுணுப்பு உண்டு. ஆசாரியிடம் அதைச் சொல்லவில்லை. அவருக்கு அடுத்த வாரம் ஓர் அரங்கேற்றத்துக்கு முழு செட் கொடுக்க வேண்டும். தலைசாமான் முதல் ஒட்டியாணம் வரை. செம்பில் முலாம் பூசி வரும் மலிவான செட்டுகளோடு இந்த வேலை போட்டி போட முடியாது என்றும் சொன்னார். புலம்பலாகச் சொல்லவில்லை, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப்போலச் சொன்னார்.

பிறகு டிபன் கேரியரைத் திறந்தேன். அவர் சிரிக்கவே இல்லை. பாம்படத்தைக் கையில் வாங்கி, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே கலகலவென்று சத்தம். பழைய அரக்கு பொடிந்துவிட்டது என்றார். ஓட்டை வழியாகக் கம்பியை விட்டுத் துழாவ, செம்பழுப்புத் தூள் காகிதத்தில் கொட்டியது. மோந்து பார்த்தேன். பழைய பீரோவைத் திறந்ததுபோல ஒரு வாடை.

அவர் புது அரக்குக் குச்சியைத் தணலில் காட்டினார். நுனி இளகித் தேன்போல ஆனது. ஓட்டையில் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் நகையைத் திருப்பித் திருப்பி உள்ளே ஓடவிட்டார். நிறைந்ததும் கட்டைவிரலைத் தண்ணீரில் நனைத்து அமுக்கினார். மேலே கடுகளவு பொன் தகடு. தேய்த்த தேய்ப்பில் ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. நான் தேடிக்கொண்டிருக்கும்போதே, எதற்காக அடைக்கிறீர்கள், அழிப்பதற்குத்தானே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டார். அவரிடம் அதை எப்போது உளறினேன் என்று நினைவில்லை.

உதிர்ந்த தூளையும் ஒரு பொட்டலமாக மடித்துக் கொடுத்தார். அவரவர் நகைக்குள் இருந்தது அவரவருக்காம். நெல்லைக் கடைக்காரர் கழிவு என்று சொன்ன அதே பொருள்.

நான்காம் நாள், கன்னியாகுமரி

சூரிய உதயம் பார்க்கப் போய் மேகத்தைப் பார்த்தேன். அம்மன் கோவிலில் வரிசை நீளம். மூக்குத்தியின் ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்துக் கப்பல்கள் பாறையில் மோதினவாம், அதனால்தான் கிழக்கு வாசலைச் சாத்தி வைத்திருக்கிறார்கள், வருடத்தில் சில நாள் மட்டும் திறப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்குப் பின்னால் நின்ற பாட்டி ஒருத்தி, கல்யாணம் நின்றுபோன பெண்ணுக்கு இத்தனை பெரிய மூக்குத்தியா என்று கேட்டுவிட்டுத் தானே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். விளக்கொளியில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு புள்ளி. அது போதுமானதாக இருந்தது.

வெளியே கடைகளில் சிப்பி மாலை, சோழி மாலை, ஏழு நிற மணல் பொட்டலம். ஒரு சோழி வளையல் வாங்கினேன். பஸ் ஏறும் முன் நூல் அறுந்துவிட்டது.

ஐந்தாம் நாள், கோவில்பட்டி

அத்தைக்கு எழுபத்தாறு. கேரியரை வாங்கியதும் முதலில் மேல் அடுக்குகளைக் கழுவவில்லையே என்று திட்டினாள். பிறகு மஞ்சள் துணியை அவிழ்த்தாள். ஓட்டை எங்கே என்று தேடினாள். வடசேரிக் கதையைச் சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, கிழிந்த உள்பாவாடைத் துணியில் சுற்றிய எதையோ எடுத்துவந்தாள்.

குனுக்கு. ஈயத்தில் வார்த்த கரிய வளையம், இரண்டு. காது வளர்ப்பதற்காகப் பெண்குழந்தைக்குப் போடுவது. பிறந்த சில நாளில் காது குத்தி, பஞ்சைத் திணித்து, துளையை மெல்லப் பெரிதாக்கி, பிறகு ஈயத்தை மாட்டித் தொங்கவிடுவார்கள். வருடத்துக்கு வருடம் கனத்தைக் கூட்டுவார்கள். அத்தைக்கும் ஆச்சி அப்படித்தான் வளர்த்தாளாம். எனக்கு இது இன்றைக்கு வரை தெரியாது. அத்தையின் காதில் எப்போதும் ஏழு கல் தோடுதான் பார்த்திருக்கிறேன்.

தோட்டைக் கழற்றிக் காட்டினாள். மடலின் அடியில் நூல்போல ஒரு வெள்ளைத் தழும்பு. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், டவுன்காரர், தொங்கு காது வேண்டாமென்று சொல்லி அனுப்பினாராம். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு ஆஸ்பத்திரியில் காதை அறுத்துச் சேர்த்துத் தைத்தார்கள். பன்னிரண்டு வருடம் வளர்த்த காதை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள் என்றாள். ஆச்சி ஆஸ்பத்திரிக்குள் வரவே இல்லை, வாசலில் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தாளாம்.

மாட்ட ஓட்டை இல்லாததால் பாம்படத்தில் ஒரு நூலைக் கட்டி, அதைக் காதின்மேல் சுற்றித் தொங்கவிட்டுக்கொண்டாள் அத்தை. கண்ணாடி முன் நின்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். பாம்படம் கழுத்தில் இடித்தது.

"இது ஒன்றும் அவ்வளவு கனமில்லையே. காது அறுந்து விழுகிறது, கழுத்து சாய்கிறது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாளே உன் ஆச்சி!"

ஒரு கையில் பாம்படத்தையும் மறு கையில் குனுக்கையும் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். என்னிடமும் கொடுத்தாள். குனுக்குதான் கனம்.

சங்கிலியைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அரக்குத்தூள் பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டு, குனுக்கோடு சேர்த்து அதே உள்பாவாடைத் துணியில் முடிந்தாள். பாம்படம் இன்னும் காதில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியே அடுப்படிக்குப் போய்ப் பாலை வைத்தாள்.